படத்தின் கீழே வந்த ஒரு வரி

அந்த ஆவணப்படத்தில் என் வேலை குறிப்பெழுதுவது. கமரா எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, யார் பேசினார்கள், எந்த இடம், வெயிலா மூட்டமா என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. பல வருடங்களாக ஒருநாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் என்னைக் கிளிநொச்சியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். படம் முல்லைத்தீவுக் காட்டோரம் வாழும், வேடர் வழிவந்த ஒன்பது குடும்பங்களைப் பற்றியது. அவர்களின் ஊர்ப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

இயக்குநர் முப்பது வயதுப் பெண். கமராவை வெளியே எடுக்க முன்னரே இரண்டு மழைக்காலம் அங்கே போய்வந்தவர். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்காக அவர்களோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர். அவர் வைத்த விதி ஒன்று: படத்தை முதலில் அந்தக் குடும்பங்கள் பார்க்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்பது வெளியே போகக்கூடாது.

வைகாசியில் ஒருநாள், தேன் எடுப்பவர் ஒருவரோடு காட்டுக்குப் போனோம். காடு தொடங்கும் இடத்தில் அவர் ஒரு இலைக்குழையை முறித்து, பழைய குழைகள் காய்ந்து தொங்கிய கிளையில் செருகினார். எங்களையும் செருகச் சொன்னார்.

"இனி இடத்தைப் பற்றிக் கதை இல்லை. ஆறு, பாறை எண்டு ஒண்டும் வாயால வரக்கூடாது. தேன் இருக்கிற இடத்தை என்ரை மனிசிக்கே சொன்னதில்லை."

"அக்காவுக்குமோ?" என்றார் இயக்குநர்.

"அவாக்குத்தான் முதல் சொல்லக்கூடாது."

நாங்கள் சிரித்தோம். பிறகு மூன்று மணித்தியாலம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எழுதிக்கொண்டு போனேன்.

என் குறிப்புகள் கொழும்பில் படத்தை வெட்டித் தொகுத்தவரிடம் போயின. காட்டைக் கண்டிராத அவர், மற்றக் காட்சிகளுக்குச் செய்தது போலவே, அந்தக் காட்சியின் கீழும் நான் எழுதிய இடக்குறிப்பைப் போட்டார். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவனும் நானே. ஒரு பிழையும் இல்லை.

முன்பள்ளிக் கட்டடத்தில், யன்னல்களுக்குச் சீலை கட்டி இருட்டாக்கி, பின்னேரம் மூன்று மணிக்குப் படத்தைப் போட்டோம். முதல் அரைமணித்தியாலம் ஒரே சிரிப்பு.

"நடையைப் பாருங்கோ, பொம்பிளை பாக்கப் போற மாதிரி," என்று ஒருத்தி தேன்காரரைச் சீண்டினாள்.

"போட்டிருக்கிற அந்தச் சேட்டு என்ரை. அண்டைக்குத்தான் கடன் வாங்கினவன்," என்றார் பின்னால் இருந்தவர்.

தேன்காரர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார். அப்போதுதான் அந்த வரி வந்தது. எந்த ஆறு, எந்த வளைவு, பாறைக்கு எந்தப் பக்கம் என்று மூன்றும் அதில் இருந்தன. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய மனைவிக்குத் தெரியும்.

படம் முடிந்தது. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு அந்த மனைவி என்னிடம் வந்தார்.

"அண்ணை, கீழ ஓடின எழுத்து ஆர் எழுதினது?"

"நான்தான், தங்கச்சி."

"எங்களுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு நினைச்சனீங்களோ?"

"இல்லை. நான் நினைக்கவேயில்லை."

அவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"தேன் யாவாரியள் வான் வண்டியில வாறவங்கள். இவர் இல்லாத நேரம் பாத்து என்னட்டத்தான் கேக்கிறவங்கள். தெரியாது எண்டுவன். மெய்யாவே தெரியாதுதானே, முகத்தைப் பாத்திட்டுப் போயிடுவாங்கள். இடம் பிடிபட்டுதெண்டா மரத்தைத் தறிச்சு, நெருப்பு வைச்சு, ஒரே நாளில வழிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு பூச்சி அந்தப் பக்கம் வராது. எங்கட அரை வருசச் சாப்பாடு அது." எழும்பும்போது சொன்னார்: "இப்ப எனக்குத் தெரியும்."

நான் போய்ச் சொன்னதும், இயக்குநர் அந்த வரியை எடுத்ததோடு நிற்கவில்லை. பாறையும் ஆறும் தெரிந்த ஏழு நிமிடத்தையும் வெட்டச் சொன்னார். அதுதான் படத்திலேயே நல்ல பகுதி என்று தொகுத்தவர் தொலைபேசியில் நெடுநேரம் வாதாடினார். "விதி எங்களுக்கு வசதியான இடத்துக்கு மட்டுமில்லை," என்று சொல்லி இயக்குநர் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுமாதம் திருத்திய படத்தை அதே முன்பள்ளியில் மறுபடி காட்டினோம்.

அன்று என் குறிப்பேட்டிலிருந்து அந்தக் காட்சியின் தாளைக் கிழித்துத் தேன்காரரிடம் நீட்டினேன். அதற்கு முன் நான் ஒரு தாளும் கிழித்ததில்லை. அவர் அதைக் குசினி அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

"தாள் போச்சு. உங்கட மண்டையில கிடக்கே," என்றார். "பரவாயில்லை, நீங்களும் குழை வைச்ச ஆள்தானே. பேசாமல் இருந்தாச் சரி."

அந்த வரியைப் பற்றி மனைவியிடம் அவர் பேச்செடுக்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை.

அடுத்த வருடம், வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்த கிழமை, அவர்களுடைய மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். தேன்காரர் காட்டுக்குள். வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கிய யாவாரி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அக்கா, அண்ணை எங்கால பக்கம் போனவர்?"

"எனக்குத் தெரியாது, தம்பி."

அவன் தேன்காரரின் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார், கத்தி நிற்கவில்லை. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, நீங்கள் படம் எடுத்த ஆக்களோ?"

"ஓம். நான் எழுத்து வேலை."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்கும் தெரியாது."

கடைசியில் அவன் வானில் ஏறிப் போனான். என் கண் தானாக மணிக்கூட்டைப் பார்த்தது. நான்கு நிமிடம் நின்றிருக்கிறான்.

"முந்தி உடனே போயிடுவான்," என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி.

"நல்லாத்தான் சொன்னீங்கள், தங்கச்சி."

"இல்லை அண்ணை. குரல் மாறிப்போச்சு." வெட்டிய துண்டுகளைச் சட்டிக்குள் தள்ளினார். "இனிப் பழகவேணும்."