பார்த்தாலே தெரியும்

லைல் பெட்ரஸீனி எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் வாசலில் நின்று மோந்து பார்ப்பார். மூக்குத் துவாரம் இரண்டும் விரியும், கண் மூடும். அப்புறம்தான் கஞ்சா வாசனை இப்போது குற்றமில்லை என்று நினைவு வரும். தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போவார். பல் டாக்டரிடம் போனாலும் இதே கதைதான்.

கலிஃபோர்னியாவின் வடகோடியில், மில்பெண்ட் ஊரைச் சுற்றிய மலைகளில் கஞ்சாச் செடி பிடுங்கியே முழங்காலைத் தேய்த்துக்கொண்ட போலீஸ்காரர். வீட்டில் தக்காளிப் பாத்திப் பக்கம் மனைவி அவரை விடுவதில்லை. கை தானாகப் பிடுங்கிவிடும். சட்டம் மாறியது. லைசென்ஸ் உள்ளவர் விற்கலாம், இல்லாதவர் விற்கக் கூடாது. இல்லாதவரைப் பிடிப்பது இப்போது லைலின் வேலை. அவருடைய மோப்ப நாய் டச்சஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சா இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறதா என்று தெரியாது.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்பார். "ரெண்டும் ஒரே வாசந்தான். பாவம், உண்மையச் சொல்லி வேலையத் தொலச்சுது."

கடைத்தெருவில் லைசென்ஸ் வாங்கிய ஒரே ஆள் நோரீன் பாஸ்கம். முன்பு மலையில் திருட்டுத்தனமாகப் பயிர் செய்து, லைல் கையாலேயே விலங்கு மாட்டிக்கொண்டவள். விதிப்படி அவள் கடைக்குக் கறுப்புக் கண்ணாடி, வாசலில் தடியன் காவல், மூலைக்கு மூலை கேமரா. கஞ்சாப் பணத்தைப் பேங்குக்காரன் தொட மாட்டான், அதனால் ரொக்கம் மட்டும். திருட்டுக் கடையை வரையச் சொன்னால் குழந்தைகூட இதைத்தான் வரையும்.

எதிரே கோர்டியின் கடை. லைசென்ஸ் கிடையாது. பளிச்சென்ற கண்ணாடி, சோபா, வருகிறவர்களுக்கெல்லாம் எலுமிச்சை ஜூஸ். சுவரில் தங்கச் சட்டம் போட்ட போலி லைசென்ஸ் ஒன்று. வரி இல்லாததால் விலை மலிவு. ஊரே அங்கேதான் போய் விழுந்தது.

"இந்த அறுவடச் சரக்கு வித்தாத்தான் என் கடை நிக்கும், லைலு," என்றாள் நோரீன். "அவன மூடுறியா, நான் மூடிட்டுப் போகட்டுமா? என்னப் புடிக்கிறப்ப மட்டும் மலைமேல ஓடி வந்தியே!"

கோர்டியைப் பிடிக்க லைல் மாநிலத் தலைநகரத்துக்குச் சொல்லிப் போலீஸ் ஆட்களை வரவழைத்தார். வந்த அன்றைக்குப் பார்த்து முழங்கால் பிடித்துக்கொண்டது. வண்டியில் உட்கார்ந்தபடியே அதிகாரிக்கு வழி சொன்னார்: "கடைத்தெரு நடுவுல இருக்கு சார். போர்டெல்லாம் படிக்க வேணாம், பாத்தாலே தெரியும்."

பார்த்தார்கள். தெரிந்துவிட்டது. நோரீனின் கறுப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

லைல் நொண்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவளுடைய சரக்கு மூட்டையெல்லாம் கொல்லையில் குவிந்திருந்தது. பிடித்த சரக்கை யாரும் பயன்படுத்தாமலிருக்கச் சாணியில் கலந்துவிடுவது அவர்கள் வழக்கம். சாணி வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கோர்டி போலீஸ்காரர்களுக்கு ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சார், இது லைசென்ஸ் கடை!" என்று கத்தினார் லைல்.

"எல்லாரும் அதத்தான்யா சொல்றாங்க."

நோரீன் தன் காகிதத்தை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தா பாரு, ஒரிஜினலு!"

"எதிர்க்கடையில இதவிட நல்லாவே இருக்கு. தங்கச் சட்டம் போட்டு மாட்டியிருக்கான்."

வண்டியின் தொட்டி கொட்டுவதற்குச் சாயத் தொடங்கியது. லைல் ஓடினார், அந்தக் காலோடு. மூட்டைகள்மேல் குப்புற விழுந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். முதல் சாணி அவர் முதுகில் விழுந்தது.

"யோவ், எந்திரிய்யா!"

"மாட்டேன். கொட்டுனா எம்மேல கொட்டு."

வண்டியை நிறுத்தினார்கள். அதிகாரி தலைநகரத்துக்குப் போன் போட்டார். அவர்கள் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். லைல் அசையவில்லை. நோரீன் பக்கத்தில் குந்தினாள்.

"காலமெல்லாம் என் செடிய மிதிச்சவன். இப்பக் கட்டிப்புடிச்சுக் கெடக்கிறதப் பாரு."

"வாய மூடு. வாசத்துலயே போத ஏறிடும்போல இருக்கு."

ஒருவழியாகப் பதில் வந்தது: கடை நோரீனுடையது, சரக்கும் அவளுடையது. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்கு நடந்தார்.

லைல் மெல்ல எழுந்தார். அவராகவே கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து, ஒரு தூள்கூட எடுக்கவில்லை என்று நோரீன் பார்க்கும்படி மூட்டைமேல் உதறிக் காட்டினார்.