அத்தை காட்டிய ஒற்றை விரல்

என் அத்தை துணி ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் கழுத்து தைக்கிறாள். கழுத்து மட்டும்தான். கை தைப்பவள் வேறு, பட்டன் வைப்பவள் வேறு. ஒரு முழுச் சட்டையைக் காட்டி 'இது நான் தைச்சது' என்று சொல்லிக்கொள்ள அங்கே முதலாளி ஒருவரால்தான் முடியும்.

இயந்திரச் சத்தத்தில் பேசினால் கேட்காது. கேட்டாலும் பேசக் கூடாது. ஆகவே கைதான் வாய். உள்ளங்கையை விரித்தால் நூல் தீர்ந்துவிட்டது. முஷ்டியை மூடினால் ஊசி உடைந்துவிட்டது. ஒரு விரலுக்கும் இரண்டு விரலுக்கும் அர்த்தம், பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். கை உயர்ந்ததும் சூப்பர்வைசர் வருவார். அவர் கழுத்தில் விசில் தொங்கும். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் விசில்தான். வரிசைக்கு ஒன்று என்று அவரிடம் டோக்கன் உண்டு. அதை வாங்கிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் நாட்டுக்காக அடக்கிக்கொள்வார்கள். ஏற்றுமதி நாட்டுக்குத்தானே.

அத்தையின் மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அங்கே பெற்றவர்கள் வந்து பார்ப்பதற்கு அரசு விடுமுறை நாட்களில் மட்டும் அனுமதி, அதுவும் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை. சேர்ந்ததிலிருந்து அத்தை ஒருமுறைகூடப் போகவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் அவசர ஆர்டர் வந்துவிடும். போன வாரம் மகள் போனில் அழுதாள்.

"எல்லார் வீட்லேருந்தும் வர்றாங்க. இந்த வாட்டியும் நீ வரலேன்னா பெட்டியோட நான் வந்துடுவேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சுதந்திர தினத்தன்னிக்கு யாராவது வேலை வைப்பாங்களாடி? கண்டிப்பா வர்றேன்" என்று அத்தை வாக்குக் கொடுத்தாள்.

முந்தின நாள் மாலை ஒலிபெருக்கியில் விசில் அறிவித்தார். "நாளைக்குக் கொடியேத்தம். எல்லாரும் வந்தே ஆகணும். முடிஞ்சதும் விருப்பம் உள்ளவங்க இருந்து ஆர்டரை முடிச்சுக் குடுக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தலே. கேட்டைச் சாயங்காலம்தான் திறப்போம்."

ஆர்டர் என்னவென்றால், வேறொரு நாட்டின் சுதந்திர தினத்துக்கு அந்த நாட்டு மக்கள் போட்டுக்கொள்ளும் பனியன். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'விடுதலை' என்று அவர்கள் மொழியில் அச்சாகியிருக்கும். நம் சுதந்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் அவர்களுடையது நேரத்துக்குப் போய்ச் சேரும்.

இதற்கு நடுவில் அத்தைக்கு ஒரு கௌரவமும் வந்தது. லீவே போடாத தொழிலாளி என்பதால் கொடியேற்றுவது அவள்தான். லீவு கேட்டும் கிடைக்காதவள் என்று நிர்வாகத்தின் கணக்கில் ஒரு பிரிவு கிடையாது.

"மேடையில ரெண்டு வார்த்தை பேசணுமாம். அதான் நம்ம வீட்ல பட்டதாரி இருக்கியே, எழுதிக் குடு" என்று என்னிடம் வந்தாள். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் என்னுடையது; அதுவும் அரசியல் அறிவியல். அடிமைச் சங்கிலி, தியாகம், இரத்தம் என்று ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதிக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "கேட்டைப் பத்தி இதுல எங்கடா வருது?" என்றாள்.

"அது தனி விஷயம் அத்தே."

"எனக்கு அது ஒண்ணுதான் விஷயம்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் நான் பைக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். கம்பிகளுக்கு இடையே மேடை நன்றாகத் தெரிந்தது. அத்தை கயிற்றை இழுக்க, கொடி ஏறியது. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. வேலையில் இருந்த காலத்தில் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் அன்றைக்கே பேசிவிடுவது என்று வந்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. அத்தை கொடியைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அவர் முடித்துவிட்டு அவளிடம் ஒலிவாங்கியை நீட்டினார்.

"கூச்சப்படாம சொல்லுங்கம்மா. சுதந்திரம்னா உங்களுக்கு என்ன?"

அத்தை இடுப்பைத் தடவினாள். தாள் இல்லை. விசில் முறைத்தார். வெளியே விடச் சொல்லிக் கேட்க வேண்டும், மகளைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தொண்டைவரை வந்திருக்கும். ஆனால் அந்த வளாகத்துக்குள் வாயால் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கை தானாக உயர்ந்தது. ஒரு விரல்.

கூட்டத்திலிருந்த பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விருந்தினருக்கோ மெய்சிலிர்த்தது.

"ஒன்று! ஒரே நாடு, ஒரே உள்ளம்! நான் அரை மணி நேரம் பேசினதை இந்தம்மா ஒரு விரல்ல சொல்லிட்டாங்க" என்று அவரும் விரலைத் தூக்கினார். மேனேஜர் தூக்கினார். முதலாளி தூக்கினார். மேடை முழுக்க, அவசரம் தாங்காதவர்கள் போல, விரலும் கையுமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, அத்தை இரண்டு விரல் காட்டவில்லை. காட்டியிருந்தால் வெற்றி முழக்கம் போட்டிருப்பார்கள்.

விசிலுக்கு மட்டும் உண்மை தெரியும். விருந்தினர் முன்னால் மறுக்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு டோக்கனை அவள் கையில் திணித்தார்.

கழிவறை கேட்டை ஒட்டினாற்போல் இருந்தது. அத்தை வெளியே வரும் நேரமும் விருந்தினரின் கார் புறப்படும் நேரமும் ஒன்றாக அமைந்தது. கேட் இரண்டு பக்கமும் திறந்தது. காவலாளி விறைப்பாக சல்யூட் வைத்தார். அத்தை காருக்குப் பக்கத்திலேயே நடந்து வெளியே வந்தாள். அந்த சல்யூட்டில் பாதி அவளுக்கும் சேர்ந்திருக்கலாம்.

"எடுடா வண்டியை" என்றாள். டோக்கன் இன்னும் அவள் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை அவள் தோழி சொல்லித்தான் அறிந்தோம். டோக்கன் இல்லாமல் போகக் கூடாது என்றுதான் விதி; டோக்கனே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விசிலிடம் விதி இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "போய்த் தொலைங்க" என்றாராம். அன்றைக்கு அந்த வரிசை மட்டும் தோன்றியபோதெல்லாம் போய்விட்டு வந்தது. பனியனும் நேரத்துக்கு முடிந்தது. நிர்வாகம் இதிலிருந்து பாடம் கற்றது: மறுநாளே டோக்கனுக்குச் சங்கிலி போட்டார்கள்.

நாங்கள் விடுதிக்குப் போனபோது பார்வையாளர் கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. மகள் ஓர் ஓரத்தில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்துட்டேன்ல, அப்புறம் என்ன?"

"இப்போதான் வர வழி தெரிஞ்சுதா? எப்படி விட்டாங்க?"

"விடலே. பாத்ரூம் போயிருக்கேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அத்தை டோக்கனைக் காட்டினாள். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. அத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, இளைத்துவிட்டாள் என்று திட்ட ஆரம்பித்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதில்லையா, படிக்கிறாயா, தூங்குகிறாயா என்று எதற்கும் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

காவலுக்கு நின்ற அம்மாள் கூடத்துக் கதவில் கையை வைத்தாள். மகள் எழுந்து பெட்டியைத் தூக்கினாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியோடு உள்ளே போனாள்.

அத்தை அந்தக் கதவு சாத்தும்வரை நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சீக்கிரம் வண்டியை எடுடா. வயித்துவலின்னு சொன்னாலும் எவ்வளவு நேரம் நம்புவாங்க?"