அக்காவின் முன்பல்

திருப்பத்தூர் பல் டாக்டரம்மா, அக்காவின் உடைந்த முன்பல்லில் பல் நிறப் பசையை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். உடைந்த முனை மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, துருவும் ஈரமண்ணும் மணக்கும் எங்கள் மலையூர் அடிபம்பு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. என் ஈரக் கையிலிருந்து நழுவிய பம்புக் கைப்பிடி விருட்டென்று மேலெழும்பி, பக்கத்தில் குனிந்து பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த அக்காவின் வாயில் அடித்தது.

மறுநாள் நான் ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போக வேண்டும். அப்பாவுக்கு அதில் அரை மனதுதான். சின்னத் தப்பு செய்தாலும் வீட்டோடு நிறுத்திவிடுவார்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று பதறி ஓடிவந்தார்.

"கல்லு தடுக்கி வுழுந்துட்டேம்பா," என்றாள் அக்கா, ரத்தம் ஒழுகும் வாயோடு.

நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன். படித்து நர்ஸானேன்.

அக்கா கண்ணாடியில் புதுப்பல்லைப் பார்த்தபோது, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு நீ உண்மைய சொல்லியிருந்தா, அப்பா என்ன அனுப்பியிருக்க மாட்டாருக்கா."

"தெரிஞ்சிதான்டி அப்டி சொன்னேன். நீ பஸ் ஏர்ற வரிக்கும், நீயே உளறிடுவியோன்னுதான் எனக்கு பயம்."

டாக்டரம்மா பக்கத்தில் இருப்பதையும் பாராமல், அக்காவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.