சேவேர் பிர்தெயா ஏறச் சொல்கிறார்

"பிந்தினவன் ரெண்டு பேரையும் கொல்லுவான்!" என்று கத்திக்கொண்டே உப்புக்கண்டமிட்ட பன்றிக்கொழுப்பைக் கத்திமுனையில் குத்தி வாயில் போட்டுக்கொள்கிறார் சேவேர் பிர்தெயா. பின்னாலேயே பச்சை வெங்காயம். எதிரே பாவேல், மித்ரு என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், ஒருவன் இடுப்பிலிருந்து மற்றவன் இடுப்புக்கு நீளக் கயிறு கட்டி நிற்கிறார்கள். "ஏறு!" என்றதும் இருவரும் ஒன்றாக முன்னே பாய வேண்டும். ஒருவன் தாமதித்தால் கயிறு சுண்டி இருவரும் சேற்றில் விழுவார்கள். "எந்திரிங்கடா மாப்பிள்ளைங்களா!"

செவ்வாய், வியாழன் மாலைகளில் லுகோஜ் தோல் ஆலை மைதானத்தில் இந்தக் கூத்து தவறாமல் நடக்கிறது. ஆலையின் கால்பந்து அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். வயது நாற்பத்து மூன்று. மூக்கு இரண்டு முறை உடைந்து, இரண்டு முறையும் தப்பாகவே ஒட்டியது. தேநீர்க் கோப்பை வாயருகே வந்தாலும் மூக்கு குறுக்கே நிற்கும். அதற்காகக் கோப்பையைத்தான் திட்டுவார்.

நாட்டு அணி முதன்முதலில் சட்டை போட்ட காலத்தில் அதில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். அன்றைய விதிப்படி முன்னேறி வரும் எதிரிக்கு எதிரே நம் ஆட்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு, அவன் அடிக்கும் கோல் செல்லாது. இவர் ஒருவர் மட்டும் ஓரடி முன்னே ஏறிவிட்டால் போதும், பின்னால் மிஞ்சுவது கூட்டாளியும் கோல்கீப்பரும்தான். எதிரி மாட்டிக்கொள்வான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் விதியை மாற்றி மூன்றை இரண்டாக்கினார்கள். பேப்பரில் படித்தார், தலையையும் ஆட்டினார். ஆனால் கால் பேப்பர் படிக்கவில்லையே! அடுத்த ஞாயிறு பழக்க தோஷத்தில் மூன்று தடவை தனியாக ஏறினார். மூன்றும் கோல். தெமிஷ்வார் நகர மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிச்சாங்க. சிரிக்கட்டும். ஒருத்தனா ஏறினா தப்பு. ரெண்டு பேரா ஏறணும். அதுக்காகப் பயந்து பின்னால போறதா? மயிரு!" இதுதான் அவருடைய மொத்த வேதம். இந்த வேதத்துக்காக மூன்று ஊர்களில் வேலையை இழந்திருக்கிறார். மகா பிடிவாதக்காரர். எனக்கு அவரைப் பிடிப்பதே அதனால்தான். ஆட்டச் செய்தி எழுதுகிறவன் இதைச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இன்று ஆராத் அணியோடு கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். சமன் செய்தால் போதும். பத்து நிமிடம் பாக்கி இருக்கையில் ஒன்றுக்கு ஒன்று. ஆலை முதலாளி, கழகத் தலைவரும் அவரே, திரு. க்ரோசெஸ்கு, மேடையிலிருந்து தொப்பி கழன்று விழ இறங்கி ஓடி வந்தார்.

"எல்லாரையும் கோல் வாசல்ல நிறுத்துய்யா! பதினொரு பேரையும்!"

"முடியாதுங்க."

"கோல் விழுந்துச்சுன்னா திங்கக்கிழமை உனக்கு வேலை கிடையாது."

"திங்கக்கிழமை துரத்திக்கோங்க. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இது என் டீமு."

முதலாளி முகம் சுண்டிப்போனது. மைதானத்தைப் பார்த்துத் தானே கத்தினார்: "பாவேல்! மித்ரு! பின்னால போங்கடா! நாளைக்கு ஆலைக்கு வரணுமா வேணாமா?"

இரண்டு பேருக்கும் அந்த ஆலைதான் சோறு போடுகிறது. பாவேலுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கத் தொடங்கினார்கள். ஆராத்காரர்கள் கைதட்டினார்கள்.

சேவேர் எங்கள் கோல் பக்கமாகக் கிடந்த பெஞ்சுக்கு வந்தார். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரிங்க, பேப்பர்காரரே."

எழுந்தேன். பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டோரமாகவே நடந்தார். நடுக்கோட்டுக்கு நேராக வந்ததும் அதைத் தரையில் போட்டார். முதலாளிக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தார்.

பாவேல் நின்றான். பிறகு மித்ரு. "அண்ணே!" என்று பாவேல் கத்தினான், அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. இருவரும் ஒன்றாக, தோளுக்குத் தோள் சரியாக, நடுக்கோட்டருகே ஓடி வந்தார்கள்.

ஆராத்காரன் ஒருவன் உயரப் பந்து அனுப்பக் காலை ஓங்கினான். "ஏறு!" என்றார் சேவேர். பந்து கிளம்புமுன் இருவரும் ஒன்றாக ஏறினார்கள். ஆராத்தின் முன்னாட்டக்காரன் தனியே பாய்ந்து போய் வலைக்குள் அடித்துவிட்டுக் கைகளை விரித்தான். திரும்பிப் பார்த்தால் கோட்டு நடுவரின் கொடி மேலே நின்றது. ஆஃப்சைடு!

"பைத்தியக்காரா! இப்படியா என் உசிரை வாங்குவே? கோல் விழட்டும், விழாமப் போகட்டும், நீ திங்கக்கிழமை போயிடு!" என்று முதலாளி பின்னாலிருந்து அலறினார்.

சேவேர் எழுந்தார். குனிந்து பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து, ஆராத் பக்கமாக இன்னும் இரண்டு எட்டு இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.