ஜிப்சத்துக்கு ஒரு சாட்சி

பொள்ளாச்சியிலிருந்து வரும் எங்கள் பஸ், பாலக்காட்டு எல்லைச் சோதனைச் சாவடியில் அரை மணி நேரமாக நிற்கிறது. எல்லாம் என் பக்கத்து சீட்டுக்காரர் கூரையில் ஏற்றிய நாலு மூட்டை வெள்ளைத் தூளால் வந்தது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருக்கும் காலம். மூட்டைகளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார் சாவடி அதிகாரி.

"அரிசிப்பொடிதன்னே இது?"

"ஜிப்சமுங்க, கடலைக்குப் போடற உரம்," என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். கொழிஞ்சாம்பாறை விவசாயி. "கடலைச் செடி பூத்துருச்சுங்க. இன்னைக்குப் போட்டு மண்ணணைக்கலைன்னா அத்தனை காயும் பருப்பில்லாம பொக்காப் போயிருமுங்க."

இது எங்கே கிடைக்கிறது என்று நான் கேட்கிறேன்.

"ராஜஸ்தான் பாலைவனத்துலீங்க. அங்க ஆறு வருசம் வேலை பாத்தனுங்க. மொதல்ல அந்த ஊர்ச் சனம் செவுத்துக்குப் பூசத்தான் தோண்டுச்சு. அப்புறம் ரயில் வந்துச்சு. நான் சேந்தப்பத்தான் அரைக்கற மிசினு வந்துச்சு. ஆனா தூளை ரயிலடிக்கு இழுக்கறது இன்னமும் ஒட்டகந்தானுங்க. மூட்டை பிடிக்கற இடத்துலயே அதுகளைக் கட்டியிருப்பாங்க."

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டுகிறார். "பழைய அரிசி," என்று தீர்ப்புச் சொல்கிறார். பிறகு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுகிறார். பேரீச்சங்கொட்டை அளவில் காய்ந்த உருண்டை ஒன்று வருகிறது. அதையும் முகர்ந்து பார்க்கிறார்.

"இதெந்தா?"

"ஒட்டகப் புழுக்கைங்க," என்கிறார் விவசாயி, ரொம்ப மரியாதையாக.

பஸ்ஸே சிரிக்கிறது. அதிகாரி ஒரு கையால் எங்களைப் போகச் சொல்லிக்கொண்டே, வாய் கொப்பளிக்கத் தண்ணீர்ப் பானையைப் பார்த்து ஓடுகிறார்.