ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா: ஆம்பூரில் வீல் பேரிங் மாற்றிய நாள்

போன பிப்ரவரியில் தாம்பரத்திலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாக ஏலகிரிக்குப் போய் வந்தோம். சுற்றிப் பார்ப்பது இரண்டாவது காரணம்தான். என் கணவர் சரவணனுக்கு அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு முறை வலிப்பு வந்தது. வேலூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம் பார்த்தோம். மருந்து ஒத்துக்கொண்டது, ஆனால் மறுபடி சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கார் சம்பந்தப்பட்ட எதுவும் அதுவரை அவர் பொறுப்பு. ஆயில் மாற்றுவது முதல் டயர் வாங்குவது வரை அவரே முடிவு செய்வார். நான் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஓட்டுவேன், அவ்வளவுதான்.

இந்த முறை பரிசோதனை முடிந்ததும் அனுமதி கிடைத்துவிடும், ஏலகிரி மலையைத் தானே ஓட்டி ஏறலாம் என்று அவர் நம்பியிருந்தார். அதற்காகவே மேலே இரண்டு நாளைக்கு அறை போட்டிருந்தார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். தாம்பரத்திலிருந்து வேலூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை லாரிகள் அதிகம், அதன்பிறகு சாலை நன்றாகவே இருந்தது. வாலாஜாவைத் தாண்டியபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். அறுபதைத் தொட்டால் அடியில் 'ஊங்' என்று ஒரு முனகல் ஆரம்பிக்கும், எண்பதில் இன்னும் பெரிதாகும்.

"டயர் சத்தம். ரோடு அப்படி" என்றார் சரவணன்.

ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டோம். முதல்முறை போகிறவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனிப்பு ரொம்பத் தூக்கல். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது எட்டே முக்கால். வேலூரில் அந்தப் பகுதியில் காரை நிறுத்த இடம் தேடுவது தனி வேலை. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் போவது நிம்மதி.

டாக்டர் அறிக்கைகளைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சரவணன் கேட்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "இன்னும் ஆறு மாசம் போகட்டும். அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார். வெளியே வந்து மருந்து வாங்கினோம். ஏலகிரி அறையை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன். "நீ ஓட்டுறதா இருந்தா போலாம்" என்றார். மலையில் நான் ஓட்டியதே கிடையாது. இருந்தாலும் சரி என்றேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பள்ளிகொண்டா தாண்டியபின் சத்தம் நன்றாகவே கேட்டது. ஒன்றைக் கவனித்தேன். சாலை வலதுபக்கம் வளையும்போது முனகல் கூடியது, இடதுபக்கம் வளைந்தால் அடங்கியது. டயர் சத்தமென்றால் இப்படி மாறாதே என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பேரிங்" என்றார் கடைசியில். "முன்னாடி."

ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டோம். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். அதைப் பற்றி எழுத ஆசைதான், ஆனால் அன்றைக்கு ருசி மனதில் நிற்கவில்லை. ஓட்டல்காரரிடம் விசாரித்து, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி, காற்றில் தோல் வாடை. ஒர்க்‌ஷாப் நடத்துபவர் யூசுப் பாய், ஐம்பது வயதிருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார்.

"இன்னும் எவ்ளோ தூரம் போவணும்மா?"

"ஏலகிரி."

"இதோட மல ஏறாதீங்க. ஆட்டம் ஜாஸ்தியாயி சக்கரம் இறுகிச்சுன்னா பேஜார்."

திரும்பி வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மேலே இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்த்தார். "நீங்களும் புடிச்சுப் பாருங்க" என்றார். இடதுபக்க ஸ்பிரிங்கில் விரல்களை வைத்தேன். உள்ளே மணல் அரைவதுபோல் ஒரு நறநறப்பு கைக்குத் தெரிந்தது. வலதுபக்கம் வைத்தேன். எதுவும் தெரியவில்லை. சக்கரம் வழுவழுவென்று சுற்றியது.

"லெஃப்ட் போயிடுச்சு. ரைட்டு இப்பத்திக்கு நல்லா கீது" என்றார் பாய்.

"ரெண்டு பக்கமும் மாத்திடுங்க" என்றார் சரவணன்.

பாய் மறுக்கவில்லை. "நானே எல்லாருக்கும் ரெண்டும் மாத்துங்கன்னுதான் சொல்றது சார். ஒண்ணு மாத்தி அனுப்பி, நாலு மாசத்துல இன்னொண்ணு போச்சுன்னா என்னத்தான் திட்டுவாங்க" என்றபடி உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் வண்டிக்குக் கம்பெனி பேரிங் ஒன்றுதான் ஊரில் இருந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் மறுநாள் மதியம் வேலூரிலிருந்து வரும். உடனே வேண்டுமென்றால் பேர் தெரியாத ஒரு பிராண்டு இருக்கிறது.

"அது எப்படி இருக்கும் பாய்?" என்று கேட்டேன்.

"சிலது ரெண்டு வருஷம் ஓடுது. சிலது ரெண்டு மாசம். கேரண்டி சொல்ல மாட்டேன். பேசி முடிவு பண்ணுங்க, நான் டீ சொல்றேன்."

வண்டிக்குப் பின்னால் நின்று பேசினோம். சரவணன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு பேரிங்கும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை. அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். மழைக்காலத்தில் இரண்டு சக்கரமும் ஒரே தண்ணீரில் நின்றன. "ஒண்ணு போச்சுன்னா அடுத்தது பின்னாடியே வரும்" என்றார்.

"தண்ணில நின்னது ரெண்டும்தான். ஆனா பள்ளத்துல எறங்குனது இடதுதானே" என்றேன். மழையின்போது எங்கள் தெருமுனையில் மூடி இல்லாத கால்வாயில் இடது முன்சக்கரம் தடாரென்று இறங்கியது. அப்போது இவரும் வண்டியில்தான் இருந்தார்.

"அது சரி. நடு மலையில வலது போச்சுன்னா என்ன பண்ணுவ? நான் எடுத்து ஓட்டக்கூட முடியாது."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் காலையிலிருந்து அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான் என்று புரிந்தது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவர் சொன்னபடி செய்துவிட்டால் ஏதாவது ஆனாலும் பழி என்மேல் வராது. ஆனால் விரலில் உணர்ந்ததை மறக்க முடியவில்லை. பாயிடம் போய் இன்னொன்று கேட்டேன். வலதுபக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் திரும்ப மாட்டலாமா?

"முடியாதும்மா. இந்த வண்டில பேரிங்கு பிரஸ்ல அடிச்சு ஏத்துனது. வெளிய எடுத்தா அதோட கத முடிஞ்சுது."

அதைக் கேட்டதும் எனக்குத் தெளிவாகிவிட்டது. "என்னங்க, நல்லா ஓடுறத நம்ம கையால கெடுத்துட்டு, தெரியாத ஒண்ணப் போட்டுட்டு மல ஏறணுமா? ஏறுறதுக்கு முன்னாடி மறுபடி தொட்டுப் பாக்கலாம். சந்தேகமா இருந்தா திரும்பிடலாம். இடது மட்டும் போதும்" என்றேன்.

அவர் முன்பக்கம் போய், தூக்கிவைத்திருந்த வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தார். இரண்டாவது முறையும் சுற்றினார். பிறகு பாயிடம், "லெஃப்ட் மட்டும் போடுங்க. ஆக்ஸில் நட்டு புதுசு போடணும். ஏர் கன் வச்சு முடுக்காதீங்க, டார்க் ரெஞ்சுல அளவு வச்சு முடுக்குங்க" என்றார்.

"நட்டு புதுசுதான் சார். ரெஞ்சு பக்கத்துக் கடையில வாங்கியாறேன்" என்றார் பாய்.

வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது. சக்கரத்தைத் தாங்கும் பாகத்தைக் கழற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் பிரஸ்ஸில் வைத்துப் பழைய பேரிங்கைத் தள்ளி, புதியதை ஏற்றினார்கள். சரவணனும் கூடவே போனார். பேரிங்கில் பிரேக்கின் ஏ.பி.எஸ். சென்சாருக்கான காந்தம் உள்ள பக்கம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று அங்கே இரண்டு பேரும் பேசிச் சரிபார்த்தார்களாம். திரும்பி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூறு ரூபாய்.

கிளம்பும்போது ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் விட்டு, பேருந்துகளில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆம்பூருக்குள் போனால் அரை மணி நேரமாவது நகராது. நேராக நெடுஞ்சாலை ஏறிவிட்டோம். முனகல் சுத்தமாக நின்றிருந்தது. இத்தனை நாள் அதோடுதான் ஓட்டியிருக்கிறோம் என்பது அது நின்றபின்தான் தெரிந்தது.

வாணியம்பாடி தாண்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். கெட்ட பேரிங் என்றால் அந்தப் பக்கம் சூடு கூடியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெதுவெதுப்பு. பொன்னேரி கூட்டுரோட்டில் திரும்பி மலை ஏற ஆரம்பித்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். முதல் மூன்றில் "செகண்ட் போடு", "ஹாரன் அடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவதில் எதிரே ஒரு பேருந்து இறங்கியது. ஓரமாக நிறுத்தி வழிவிட்டு, மறுபடி எடுத்தேன். அதன்பிறகு அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்விட்டோம்.

இதே வழியில் பழைய வண்டியோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் போன்றவற்றை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பேரிங்கில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றாலும் வண்டி ஒழுங்காகவே ஓடும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலியும் பெரிதாக மிச்சமாகாது, ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வேலை. அடுத்த பக்கத்திலும் சத்தமோ ஆட்டமோ நறநறப்போ இருந்தால் மட்டும் மாற்றுங்கள். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி, நல்ல பேரிங் கையில் இருக்கிறது, போகிற இடத்தில் மெக்கானிக் கிடைக்கமாட்டார் என்றால் இரண்டையும் மாற்றுவதில் தப்பில்லை. எதுவானாலும் சத்தத்தைச் சகித்துக்கொண்டு மலை ஏறாதீர்கள். ஆம்பூரைத் தாண்டினால் வாணியம்பாடி, அதை விட்டால் மேலே போகும்வரை பெரிய ஒர்க்‌ஷாப் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆகஸ்டில் டாக்டர் சரவணனுக்கு அனுமதி கொடுத்தார். இப்போது பெரும்பாலும் அவர்தான் ஓட்டுகிறார். போன வாரம் செங்கல்பட்டு போய்வந்தவர், வாசலில் வண்டியை அணைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"லேசா சத்தம் வருது. நீ ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு" என்று இறங்கி இடதுபக்கம் போய் உட்கார்ந்தார்.

பைபாஸ் வரை ஓட்டினேன். இந்தமுறை இடதுபக்கம் வளையும்போது கூடியது.

"வலது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "அது மட்டும் மாத்துனா போதும்ல?"

"போதும்" என்றேன்.