சீரில் வந்த வாஷிங்மெஷின்

போடியில் முனியாயி வீட்டுப் பரணில் எவர்சில்வர் குடமும் அண்டாவும் சாக்குச் சுற்றிப் பிரிக்காமல் கிடக்கும். அவள் சோறாக்குவது என்னவோ நசுங்கிய அலுமினியச் சட்டியில்தான். விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். "நல்லதையெல்லாம் புழங்கித் தீத்துட்டா நாளைக்குச் சபையில எத வைக்கிறது?" என்பாள். புதுசு பார்க்க, பழசு புழங்க. அவள் மட்டுமா, அந்தத் தெருவே அப்படித்தான்.

மகள் பவதாரணியைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்தபோது, வாஷிங்மெஷினுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, லோடு ஆட்டோவில் மேளதாளத்தோடு கொண்டுபோய் இறக்கினாள். ஊரே வாயைப் பிளந்தது. முனியாயிக்குத் தலைகால் புரியவில்லை.

மலையில் மழை கொட்டி ஜீப்பு போகாத ஒரு நாள் மகளைப் பார்க்கப் போனாள். பவதாரணி முழுகாமல் இருந்தாள். தள்ளிய வயிற்றோடு குனிந்து, வீட்டுத் துணி மொத்தத்தையும் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மெஷின் உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

"ஏன்டி, இது எதுக்கு இருக்கு?"

"அத்தை தொடக் கூடாதுன்னுட்டாங்கம்மா. நாத்தனா கல்யாணத்துக்குச் சீரா வைக்கணுமாம்."

முனியாயிக்கு ஆத்திரம் வந்தது. சண்டை போட்டால் அவள் பஸ்சேறிப் போய்விடலாம். மகளல்லவா இங்கே இருந்து அனுபவிக்க வேண்டும்? ஆனால் ஒரு தடவை புழங்கிய பொருளை எந்தத் தாயும் மகளுக்குச் சீராக வைக்க மாட்டாள். இது முனியாயிக்குத் தெரியாதா என்ன?

சம்பந்தி கருத்தம்மாள் கடைக்குப் போயிருந்தாள். முனியாயி உறையைக் கிழித்தாள். மகளின் சேலை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, தான் உடுத்தி வந்த சேலையை மெஷினுக்குள் போட்டாள்.

"வெரசா சொல்லு, எத அமுக்கணும்?"

கருத்தம்மாள் வந்தபோது மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தப்போகிறாள் என்று பவதாரணி சுவரோரம் ஒதுங்கினாள். கருத்தம்மாளோ பையை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புழங்கிட்டீங்களே மதினி! எம்மவ கல்யாணத்துல நான் எதக் காட்டுவேன்?"

அந்தப் பயம் முனியாயிக்குப் புதிதல்ல. அதே பயத்தில்தான் அவளும் இந்த மெஷினை வாங்கினாள். சம்பந்தியைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல், மகள் பக்கம் திரும்பினாள்.

"கல்லுல கெடக்குற துணியையும் கொண்டாந்து போடு ஆத்தா."